‘ஒண்ணும் ஆவாது’ என்று சொல்ல ஓர் ஆள்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இவர்களுக்கு அறிவுரை என்றால் கொள்ளைப் பிரியம். கேட்டு நடப்பார்கள் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். மனசுக்குள் ஏற்கெனவே முடிவு செய்து, முத்திரை குத்தி, மடித்து வைத்துவிட்ட ஒரு காரியத்துக்கு, “ஒண்ணும் ஆவாது, போ” என்று எவனாவது ஒருவன் சொல்லும் வரைக்கும் கண்ணில் படுகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டே போவார்கள். ஒன்பது பேர் வேண்டாம் என்பார்கள். அந்த ஒன்பது பேருக்கும் விவரம் போதாது. பத்தாவதாக ஒருத்தன், பல் குத்திக்கொண்டே, தாராளமாகச் செய் என்பான். அவன் மேதை!

கல்யாணப் பந்தியில், இரண்டு வேளை சர்க்கரை மாத்திரை விழுங்குகிற பெரியவர், பக்கத்து இலைக்காரரிடம், “ஒரே ஒரு ஜாங்கிரி தின்னா என்ன ஆயிடப் போகுது?” என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து இலைக்காரர் யார், என்ன படித்தவர், ஏதாவது தெரியுமா? அதெல்லாம் எதற்கு? அவர் தலையை ஆட்டினால் போதும். ஆட்டாவிட்டால் மறுபக்கத்து இலைக்காரர் இருக்கவே இருக்கிறார்.

இந்த இனத்தின் அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரகடம் பக்கம் வாருங்கள். நம்பிராஜனைக் காட்டுகிறேன்.

நாங்குநேரிப் பக்கத்துப் பையன். வயது இருபத்தைந்து. காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டும் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷமாக டிரெய்னி. வடக்குப்பட்டில் ஊர்க்காரன் உச்சிமாகாளியோடு ஓர் அறையில் வாசம். கம்பெனியில் நிரந்தரம் செய்ய ஒரே ஒரு பரீட்சை வைப்பார்கள். நாற்பது கனெக்டரைப் பன்னிரண்டு நிமிஷத்தில் பிழையில்லாமல் மாட்ட வேண்டும். மாட்டினால் பெர்மனன்ட். தவறினால் மாசக் கடைசியில் கையில் ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்து, வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்தப் பரீட்சை வருகிற திங்கட்கிழமை. அது மட்டுமா? ஊரில் சுகப்பிரியா என்று ஒரு பெண். அவளுடைய அப்பா மறைக்காமல் சொல்லிவிட்டார்: “மாப்பிள்ள பெர்மனன்ட் ஆகட்டும், மறுநாளே தட்டு மாத்திக்கிடலாம்.” ஆக, வேலையும் கல்யாணமும் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் இருந்தன. நம்பிராஜனுக்கு இது நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தான் என்று அவனுக்காக யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்.

புதன்கிழமை கடைவாய்ப் பல் சீழ் வைத்து, கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. வியாழன் காலை பல் டாக்டர் அம்மாவிடம் போனான். அவர் பார்த்து, கீறி, கழுவி, இரண்டு விதமான ஆன்டிபயாடிக் எழுதினார். மூன்று வேளை, ஏழு நாள், ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். எழுதும்போதே கேட்டார்.

“தண்ணி போடுற பழக்கம் உண்டாப்பா?”

“ஐயய்யோ! அதெல்லாம் கிடையவே கிடையாது டாக்டர். டீயே ஒருவேளைதான்.”

வெளியே பதினாலு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அம்மா பையனை நம்பி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டீயையே ஒருவேளை குடிக்கிறவனிடம் பிராந்தியைத் தொடாதே என்று யார் பாடம் நடத்துவார்கள்?

சாயங்காலம் அறையில் நம்பிராஜன் சொன்னது இது:

“ஏல உச்சி, குடிக்கக் கூடாதுன்னு டாக்டரு ஒரு வார்த்த சொல்லலியே. அப்பம் குடிக்கலாம்னுதான அர்த்தம்?”

“நீ குடிக்கவே மாட்டேன்னுல்லா சொல்லியிருக்க? பெறவு அவுக எதுக்குல சொல்லுதாக?”

“அது வேற.”

இந்த இனத்தாருக்கு “அது வேற” என்கிற இரண்டு வார்த்தை போதும். அதை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஓட்டிவிடுவார்கள்.

இத்தனை ஆராய்ச்சியும் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் புருஷோத்தமன் வீட்டுக் கிரகப்பிரவேசம். உள்ளூர்க்காரர். புது வீடு, மாடி வைத்தது, வாசலெல்லாம் கிரானைட். மத்தியானம் பந்தி முடிந்ததும் பின்பக்கக் கொட்டகையில் கம்பெனி லைன் பையன்களுக்குத் தனியாக ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று பேச்சு. “போய்க் குடிக்கலைன்னா சாரு மனசு கோணிக்கிடுவாருல்லா? அவருதான நம்மளுக்கு மார்க்கு போடணும்?” என்று நம்பிராஜன் கவலைப்பட்டான். அவன் கவலைப்பட்டதெல்லாம் சூப்பர்வைசருக்காகத்தான். தனக்கென்று ஒரு சொட்டு ஆசையும் கிடையாது, பாவம்.

உச்சிமாகாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் குடிக்காதவன், பொறாமை பிடித்தவன், தள்ளு. வெள்ளிக்கிழமை நம்பிராஜன் மருந்துக்கடைக்குப் போனான். கூட்டம் குறையும் வரைக்கும் வாசலில் நின்று, மற்றவர்கள் போன பிறகு குரலைத் தாழ்த்தி, கல்லாவில் இருந்த மருந்தாளுநர் பெண் சுபஸ்ரீயிடம் கேட்டான்.

“ஒரு ஃப்ரெண்டு கேக்கச் சொன்னாம்மா. இந்த மாத்திர சாப்பிடும்போது, சும்மா ஒரு அரை கிளாஸ், பீரு... பேருக்கு...”

சுபஸ்ரீ அவன் வீங்கின கன்னத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“உங்க ஃப்ரெண்டுக்கும் இதே பல்லுதான் வீங்கிச்சாண்ணா?”

“அது வேற.”

“தோ பாருங்கண்ணா. எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒரே மாதிரி கெடையாது. இந்த மொத மாத்திரைக்குப் பெரிய வம்பு இல்ல, இருந்தாலும் உடம்பு தேறுற வரிக்கும் குடி வேணாம்னுதான் சொல்வோம். ரெண்டாவது இருக்கு பாருங்க, மெட்ரோனிடசோல், இதுங்கூடக் கூடவே கூடாது. வாந்தி எடுத்துடும், மூஞ்சி செவந்துடும், நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். கடைசி மாத்திரை முட்ஞ்சி மூணு நாள் வரிக்கும் தொடாதீங்க. உங்க ஃப்ரெண்டாண்டதான் சொல்றேன்.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா? இலவசமாக, கையில் மாத்திரையைக் காட்டி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நம்பிராஜன் என்ன நினைத்தான் தெரியுமா? பொம்பளப் பிள்ளை, பீரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தான். அவள் பீரைப் பற்றிச் சொல்லவில்லை, மாத்திரையைப் பற்றித்தான் சொன்னாள் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

அன்றிரவு போனில் வீடியோ தேடினான். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், “எல்லா ஆன்டிபயாடிக் மருந்துகளும் மதுவோடு மோதுவதில்லை” என்று ஆரம்பித்தார். அவர் வாய் அடுத்த வார்த்தைக்குத் திறந்தது. நம்பிராஜன் அங்கேயே நிறுத்தினான்.

“பாத்தியா உச்சி! டாக்டரே சொல்லுதாரு.”

“மிச்சத்தையும் ஓடவிடுல.”

“டேட்டா தீந்துட்டு.”

சனிக்கிழமை கேன்டீனில்தான் அவனுக்கு விமோசனம் வந்தது. லைனில் சீனியர் ஏசுவடியான், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இதுக்காடே மூணு நாளா அலையுத? காலைல எட்டு மணிக்கு மாத்திரையப் போடு. அவன் ஏ ஷிப்ட். மத்தியான மாத்திரைக்கும் ராத்திரி மாத்திரைக்கும் வீக் ஆஃப் குடுத்துரு. பீரு பி ஷிப்ட்டுக்கு உள்ள வரட்டும். ஏ ஷிப்ட்காரன் பஸ் ஏறிப் போன பெறவுதான பி ஷிப்ட்காரன் லைனுக்கு வாரான்? ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சி பாக்கவே போறதில்ல, பெறவு எங்க இருந்துடே சண்ட வரும்? திங்கக்கெழம மாத்திரைக்கு ஓ.டி. போட்டு ரெண்டா முழுங்கு. கணக்குச் சரியாப் போச்சு.”

அடேயப்பா! என்ன மூளை! நம்பிராஜனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மருந்துக்கடையில் படித்துப் பட்டம் வாங்கி உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தெரியாத உடற்கூறு, ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் வைத்திருக்கிற மனிதருக்குத் தெரிந்திருக்கிறதே! மூன்று வருஷமாக ஷிப்ட் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவனுக்கு, வயிற்றுக்குள்ளும் மாத்திரையும் பீரும் அடையாள அட்டை தேய்த்துத்தான் உள்ளே போகும், வெளியே வரும் என்று தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏ ஷிப்ட் மாத்திரையை ஒழுங்காகப் போட்டான். பந்தியில் ஒழுங்காகச் சாப்பிட்டான். பிறகு கொட்டகைக்குப் போனான். இந்த இனத்தாரிடம் இன்னொரு குணம் உண்டு. கேட்கும்போது அளவு சுருங்கும், குடிக்கும்போது விரியும். மருந்துக்கடையில் கேட்டது அரை கிளாஸ். ஏசுவடியானிடம் கேட்டது ஒரு பீர். கொட்டகையில் உள்ளே போனது இரண்டரை.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடித்தார்கள். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் சட்டை பொத்தானே ஆடியது. எழுந்து முன்பக்கம் ஓடினான். காற்றுக்காகப் போனானோ, ஓடிப்போய்விடலாம் என்று போனானோ, வாசலைத் தாண்ட முடியவில்லை. காலையில் போட்ட கோலத்தின் மேலேயே, புத்தம்புதுக் கிரானைட்டில், பந்திச் சாப்பாடு மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்தான்.

“டேய்! இன்னாடா இது! பால் காச்சி ஒரு பொழுதுகூட ஆவல, வூட்டு வாசல்லயே...” என்று புருஷோத்தமன் மோர் டம்ளரும் கையுமாக ஓடிவந்தார்.

“சார்... உங்க மனசு கோணுமேன்னுதான் சார்... குடிச்சேன்...”

“என் மனசா? நான் எப்படா உன்னக் குடிக்கச் சொன்னேன்? எனுக்கு சுகரு, ரெண்டு வருசமா நானே மோரு குட்ச்சிகினு கீறேன்! அந்தக் கொட்டாய்ல இன்னா நடக்குதுன்னுகூட எனுக்குத் தெரியாது. மச்சான் பண்ண வேல!”

நம்பிராஜன் படிக்கட்டில் சாய்ந்தான். செத்துப்போகப் போகிறோம் என்று நிஜமாகவே நம்பினான். பயந்து அழுதான். சுகப்பிரியாவின் பெயரைச் சொல்லி அழுதான். ஏசுவடியானைத் தேடினான். அந்த மகா வைத்தியர் அதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

பந்திக்குக் கூட வந்திருந்த உச்சிமாகாளிதான் ஆட்டோவில் போட்டு, வழியில் அறையிலிருந்து மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “குடிச்சிருக்கீங்களா?”

வாயைத் திறந்தாலே அறை முழுக்க பீர் நாற்றம். அந்த வாயால் நம்பிராஜன் சொன்னான்: “இல்ல டாக்டர். பழக்கமே கிடையாது.”

“பொய் சொல்லுதாம் சார்,” என்றான் உச்சிமாகாளி. “ரெண்டரை பீரு. காலைல இந்த மாத்திர.”

அட்டையை வாங்கிப் பார்த்த டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. காலையில் போட்ட மாத்திரை மத்தியானமே உடம்பை விட்டுப் போய்விடாது, ரத்தத்தில் ரெண்டு மூணு நாள் இருக்கும், யாருய்யா உனக்கு இந்த ஷிப்ட் கணக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று கத்தினார். ஊசி போட்டார், டிரிப்ஸ் ஏற்றினார். பயப்பட ஒன்றுமில்லை, குடியை நிறுத்து, மாத்திரையை நிறுத்தாதே என்று இரண்டு தடவை சொல்லி, பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டார்.

இப்போது ஒரு கணம் நில்லுங்கள். உயிர் போய்த் திரும்பி வந்தவன் என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? அறைக்கு வந்ததும் மாத்திரை அட்டை இரண்டையும் எடுத்து ஜன்னல் வழியாக வெளியே வீசினான்! “இந்த எழவு மாத்திரதாம்ல என்னியக் கவுத்துட்டு. பீரு எத்தன வருசமாக் குடிக்கேன், ஒரு நாளாவது ஏதாவது பண்ணிருக்கா?” என்றான். உச்சிமாகாளி தலையில் அடித்துக்கொண்டு இருட்டில் இறங்கித் தேடினான். இரண்டு அட்டையும் சாக்கடையில் கிடந்தன.

திங்கட்கிழமை காலை கன்னம் மறுபடி பன் ஆகியிருந்தது. சீழ் வைத்த பல் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. உடம்பு காய்ந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அந்தக் கோலத்தில் பரீட்சை மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். மூன்று வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டின கனெக்டர்கள்தான். துளை எது, முனை எது என்று தடவித் தேடினான். பன்னிரண்டு நிமிஷத்தில் இருபத்தேழு மாட்டினான். அதில் நாலு தப்பு. புருஷோத்தமன் காகிதத்தில் எழுதிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், “போய் ஒடம்பப் பாருடா,” என்றார்.

மத்தியானத்துக்குள் நம்பிராஜன் அடுத்த சுற்று கேள்விகளை ஆரம்பித்துவிட்டான். “டாக்டரு ஒழுங்கா சொல்லியிருக்கணும்லா? அவுக மேலதான தப்பு?” என்று டீக்கடையில் கேட்டான். பஸ்ஸில் கேட்டான். வீட்டுக்காரரைக் கேட்டான். மூன்றாவது ஆள் ஆமாம் என்றார். அந்தத் தெம்பில் சாயங்காலம் சுகப்பிரியாவுக்குப் போன் போட்டான். பல்வலி, பேருக்கு அரை கிளாஸ் பீர், தப்பான மாத்திரை, பொறுப்பில்லாத டாக்டர், கெட்ட நேரம் என்று கால் மணி நேரம் விவரமாகச் சொன்னான். கடைசியில் அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“டாக்டர்ட்ட நீங்க கேட்டியளா?”

நம்பிராஜன் “அது வேற” என்று ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவும் இல்லை.

நல்லது. பையனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாயிற்று. இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு தூரம் எதற்காகப் படித்தீர்கள்? இலக்கிய ரசனையா? மேஜை இழுப்பறையில் ஓர் அட்டையில் இன்னும் நாலு மாத்திரை மிச்சம் இருக்கிறது, சனிக்கிழமை மச்சினன் வருகிறான், சுபஸ்ரீ ஏதோ முதல் மாத்திரைக்குப் பெரிய வம்பு இல்லை என்று சொன்னாளே, நம்முடையது அந்த ரகமாக இருக்கலாமே என்று அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தீர்களா இல்லையா? மறைக்காதீர்கள். உங்கள் அட்டையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் டாக்டருக்குத் தெரியும். அவரிடம் போய் உண்மையைச் சொல்லிக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் பதில் கிடைத்துவிடும்.

என்ன, பக்கத்தை மூடுகிறீர்கள்? சரி, அடுத்து யாரைக் கேட்பதாக உத்தேசம்?