இருபதாயிரம் அடியில் ஒரு வரப்பு

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் நான் பார்த்தது ஒரு காக்கையின் முதுகு.

காக்கை என்று சொல்வது பழக்கத்தால். உருவமும் நிறமும் காக்கைதான், அலகு மட்டும் மஞ்சள். என் இடது பூட்ஸுக்கும் வலது பூட்ஸுக்கும் நடுவே, வெகு கீழே, சிறகை அசைக்காமல் அது வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதுவரை என் இருபத்தாறு வயசில், பறக்கிற பறவையின் வயிற்றைத்தான் பார்த்திருந்தேன். முதுகு தெரிகிறது என்றால் பார்க்கிறவன் எங்கே இருக்கிறான் என்று யோசிக்க வேண்டும். யோசித்தேன். இமயமலையில், கடல்மட்டத்துக்கு இருபதாயிரம் அடி மேலே, இடுப்பில் கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

(நேரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எந்தச் சம்பவமானாலும் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள் என்று பத்திரிகையில் பழக்கியிருந்தார்கள். சம்பவம் நானே என்றால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை.)

இதை விபத்து என்று பல வருஷம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது விபத்து இல்லை. தொழில் பழக்கம்.

நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் நிருபர். சென்னைக் கோட்டையில் ஆட்சி மாறி, ஊர்ச் சுவர்களில் கறுப்பும் சிவப்பும் ஏறியிருந்த வருஷங்கள். கூடவே வயல்களில் தனிச் சிவப்பும் ஏறியிருந்தது. அறுவடை வந்தால் கூலித் தகராறு வரும். ஒரு வயலில் மிராசுதார் லாரியில் கொண்டுவந்து இறக்கிய வெளியூர் ஆட்கள் அரிவாளோடு நிற்பார்கள். அடுத்த வயலில் சங்கத்து ஆட்கள் கொடி நட்டு, அவர்களும் அரிவாளோடு நிற்பார்கள். ரோட்டில் ரிசர்வ் போலீஸ் வேன். இரண்டு வயலுக்கும் நடுவே, வரப்பின் மேல், குறிப்பேட்டோடு நான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆசிரியர் ஒரே ஒரு பாடம் சொன்னார். “வரப்பை விட்டு மட்டும் இறங்காதய்யா. எந்த வயல்ல கால் வைக்கிறியோ, நாளைக்கு நீ அந்த வயல்காரன் ஆளு.”

அவர் மிகைப்படுத்தவில்லை. எங்கள் மூத்த நிருபர் ஒருவர் மழை பெய்த வரப்பில் வழுக்கி, ஒரே ஒரு காலைச் சங்கம் கொடி நட்ட வயலில் வைத்துவிட்டார். அத்துமீறி நுழைந்த வழக்கில் அவர் ஒன்பதாவது எதிரி. சேற்றில் மாட்டிய இடது செருப்பு சாட்சிப் பொருள். வழக்கு முடிவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். செருப்பு கடைசிவரை திரும்ப வரவில்லை.

ஆகவே நான்கு வருஷம், மன்னார்குடியிலிருந்து பாபநாசம் வரை எத்தனையோ வரப்புகளில், ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதமாக வைத்து நடந்தேன். வலது பக்கமும் சாயாமல் இடது பக்கமும் சாயாமல் நடந்தேன். எங்கள் பத்திரிகையின் நடுநிலை என்பது நடைமுறையில் ஒன்றரை அடி அகலம் கொண்டது. நாளடைவில் மூளையைக் கேட்காமலே கால் மேட்டைத் தேடிப் போய் ஏறிக்கொள்ளும்.

இந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்து இளைஞர் மன்றம் ஒன்று இமயமலையில் ஒரு பெரிய சிகரத்துக்கு வழிகாட்டிகளை அமர்த்தி ஆறு பேரை அனுப்பத் தீர்மானித்தது. காவிரிக் கரைக்காரர்கள் மலை ஏறுவது என்பதே செய்தி. எங்கள் பக்கத்து நிலம், தண்ணீர் நகர்வதற்கு வேண்டிய அளவுக்கு மேல் ஓர் அங்குலம்கூடச் சரியாது. ஆறில் ஓர் இடம் எங்கள் பத்திரிகைக்கு. ஆசிரியர் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்து, கல்யாணம் ஆகாதவன் யார் என்று கேட்டார். அது ஒன்றுதான் என் தகுதி.

விண்ணப்பப் படிவத்தில் ‘இதற்கு முன் ஏறிய மலைகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘சுவாமிமலை, பலமுறை’ என்று எழுதினேன். பொய் இல்லை. சுவாமிமலை கட்டுமலை, அறுபது படி. உயரம் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டேன். டெல்லியில் யாரோ அதற்குப் பக்கத்தில் ‘அனுபவம் உள்ளவர்’ என்று குறித்திருந்தார்.

ஆறு பேரில் நிஜமாக மலை ஏற வந்தவர் ஒருவர்தான். சலீம், பாபநாசத்து இரும்புக் கடைக்காரர் மகன், வயது இருபத்திரண்டு. எட்டு மாதம், தினமும் அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் படிகளில் நாற்பது முறை ஏறி இறங்கியவர். அவருக்கு துபாயில் மாமாவின் கடையில் வேலை தயார். விசாவும் வந்துவிட்டது. மலையிலிருந்து திரும்பிய பத்தாம் நாள் பம்பாயில் கப்பல் ஏற வேண்டும். வீட்டில் போராடி வாங்கியது இந்த ஒரு மாதம் மட்டும்.

கூடாரத்தில் ஒரு மத்தியானம், பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே அதைச் சொன்னார். “போனா பதினஞ்சு வருஷமோ இருபது வருஷமோ, கடையில நிக்கணும்ணே. நிக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல போய் நின்னுட்டு வந்துடறேன்.”

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நல்ல மேற்கோள் என்று பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டேன்.

எங்கள் வழிகாட்டி பிரேம் சிங், ஐம்பது வயதுக்காரர். ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். இந்தியில். எனக்கு இந்தி தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே கல்லூரியில் பதினொரு நாள் வகுப்பைப் புறக்கணித்தவன். (அதில் ஒன்பது நாள் காவிரியில் குளித்தேன்.) கடைக்கு வரும் வடநாட்டு ஏஜெண்டுகளிடம் பேசிப் பழகிய சலீம் எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்று, வழிகாட்டி கால் வைத்த தடத்திலேயே கால் வைக்க வேண்டும். இரண்டு, மலையின் முகட்டில் காற்று பனியை ஒரு பக்கமாகத் தள்ளித் தள்ளி, ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு மாதிரி வெளியே நீட்டிவிடும். மேலிருந்து பார்த்தால் தரை போலிருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. மூன்று, முகட்டில் ஒருவர் ஒரு பக்கம் விழுந்தால், அதே கயிற்றில் இருப்பவர் யோசிக்காமல் எதிர்ப் பக்கம் விழ வேண்டும். அப்போதுதான் இரண்டு பேரும் பிழைப்பார்கள்.

மூன்றாவதைக் கேட்டு நான் சிரித்தேன். அன்றைக்கு என் குறிப்பேட்டில் இருப்பது இது: ‘வழிகாட்டிக்கு இடது கையில் நான்கரை விரல். மீசை வெள்ளை, புருவம் கறுப்பு. தேநீரில் உப்பு.’ மூன்றும் உண்மை. கூர்ந்து கவனிக்கிறவன் என்று எனக்கு அலுவலகத்தில் பெயர் இருந்தது.

மற்ற நால்வரும் வேறொரு வழிகாட்டியோடு முதல் நாளே உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் நாங்கள் மூவர் ஒரே கயிற்றில். முன்னால் பிரேம் சிங், நடுவில் நான், பின்னால் சலீம். ஆளுக்கு ஆள் முப்பது அடி இடைவெளி. ஏழு மணிக்கு முகட்டுக்கு வந்தோம்.

அந்த முகட்டைப் பார்த்ததும் எனக்கு முதல்முறையாக அந்த மலைமேல் ஒரு நிம்மதி வந்தது. ஒன்றரை அடி அகலம். மேலே தட்டை. மண்வெட்டியால் அணைத்துத் தட்டிவிட்ட மாதிரி ஓரங்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக, சமமாக, வயல். பிரேம் சிங்கின் தடங்களோ வலது பக்கச் சரிவில், எட்டடி கீழே, கோணலாகப் போயின. ஏன் இந்த மனிதர் அடுத்தவன் வயலில் இறங்கி நடக்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. யோசித்த ஞாபகமே இல்லை. கால் ஏறிக்கொண்டது.

“அண்ணே, தடத்துல வாங்க,” என்றார் பின்னாலிருந்து சலீம்.

“இது நல்லா இருக்கு சலீம், தட்டையா.”

“அவர் போன வழியிலதான் வரணும்னு சொன்னாருண்ணே.”

“சரிவுல கால் வழுக்குதுப்பா. நீயும் மேல வந்துடு.”

நாற்பது வருஷப் பத்திரிகை வாழ்க்கையில் தவறான வாக்கியங்கள் பல எழுதியிருக்கிறேன். ஆனால் ஓர் ஆளைக் கொன்றிருக்கக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான். நல்லவேளை, சலீம் வரவில்லை.

காய்ந்த மூங்கில் பிளப்பது போல ஒரு சத்தம். பிறகு காக்கையின் முதுகு.

இடது பக்கம் வயல் என்று நான் நினைத்தது மேகம்.

நான் கத்தவில்லை. (வீரம் இல்லை. வாயில் பனி.) கயிறு மேலே முகட்டின் விளிம்பை அறுத்துக்கொண்டு போய் மறைந்தது. அதன் மறுமுனைகளில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சலீமின் குரல் வந்தது. கடையில் விலை சொல்கிற மாதிரி நிதானமான குரல்.

“அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“ஆடாம இருங்க. நீங்க அந்தப் பக்கம் விழுந்தீங்களா, அதான் நான் இந்தப் பக்கம் விழுந்துட்டேன்.”

பிரேம் சிங் பனிக்கோடாலியை அடித்து இறக்கி, கயிற்றை அதில் சுற்றி, முதலில் சலீமை நிலைப்படுத்தி, அப்புறம் என்னை மேலே இழுக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. மேலே வந்து சரிவில் குப்புறக் கிடந்த என்னை அவர் திட்டவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பி, நான் வந்த வழியைக் காட்டினார்.

முகடு அந்த இடத்தில் வளைந்திருந்ததால் பக்கவாட்டில் நன்றாகத் தெரிந்தது. உடைந்தது போக மிச்சமிருந்த பனி, சன்ஷேடு மாதிரியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. கனம் ஒரு முழம் இருக்கும். அதன் மேல் என் காலடித் தடங்கள், ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக, கோடு போட்ட மாதிரி நேராக வந்தன. எண்ணினேன். முப்பத்தாறு. அடியில் ஒன்றுமில்லை, ஆகாயம்தான். என் முப்பத்தாறு தடங்களுக்குக் கீழேயும் வெளிச்சம் தெரிந்தது.

நான் கை இரண்டையும் சரிவுப் பனிக்குள் புதைத்துக்கொண்டேன்.

பிரேம் சிங் என்னவோ கேட்டார். சலீம் சரிவில் உட்கார்ந்தபடி மொழிபெயர்த்தார். “ஏன் அங்க ஏறி நடந்தீங்கன்னு கேக்கறார்.”

“வரப்பு மாதிரி இருந்துதுன்னு சொல்லு.”

வரப்புக்கு இந்தியில் என்ன என்று சலீமுக்குத் தெரியவில்லை. கையால் காட்டினார். பிரேம் சிங் கவனமாகப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் அதன் இரண்டு பக்கமும் என்ன இருக்கும் என்று விசாரித்தார். நெல் என்றேன். அதிலிருந்து விழுந்தால்? முழங்கால் வரைக்கும் சேறு என்றேன். இருபத்தைந்து வருஷமாக மலைக்கு ஆட்களை அழைத்துவருகிற மனிதர், என் இடுப்புக் கயிற்றின் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

பிறகு சலீம் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். உச்சி இன்னும் எவ்வளவு தூரம் என்று. ஒன்றரை மணி நேரம். சலீம் கோடாலியை ஊன்றி எழுந்தார், வலது காலை வைத்தார், உட்கார்ந்தார். எதிர்ப் பக்கம் பாய்ந்தபோது பூட்ஸுக்கு அடியில் கட்டிய இரும்பு முள் பனியில் மாட்டி, உடம்பு போன பக்கம் கணுக்கால் போகவில்லை. இரண்டாவது முறையும் எழுந்து பார்த்தார்.

வெயில் நன்றாக அடித்தது. உச்சி அங்கேயே தெரிந்தது. முந்தின நாள் நால்வர் நட்டுவைத்த குச்சிகூடத் தெரிந்தது.

“சரிண்ணே, இறங்குவோம்,” என்றார்.

கீழே வர மூன்று நாள். பாதி வழி பிரேம் சிங் முதுகிலும் மீதி வழி கோவேறு கழுதையிலும் சலீம் வந்தார். அவர் மூட்டையை நான் சுமந்தேன், தடத்தை விட்டு ஒரு விரல் விலகாமல். பத்தாம் நாள் அவர் மாவுக்கட்டோடு பம்பாயில் கப்பல் ஏறினார்.

நான் தஞ்சாவூருக்கு வந்து செய்தி எழுதினேன். ‘எதிர்பாராத விதமாகப் பனி சரிந்ததில் இருவர் உயிர் தப்பினர்.’ அந்த வாக்கியத்தில் பனி இருக்கிறது, உயிர் இருக்கிறது, என் கால் எங்கேயும் இல்லை. ஆசிரியர் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

மூன்று வருஷம் கழித்து முதல் விடுமுறையில் சலீம் வலது காலைச் சற்றே இழுத்தபடி வந்தபோது எனக்குக் கல்யாணம். பந்தியில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையில் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டார். அவர் வீட்டில் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறார்களாம். “நல்லா நடுநிலையா எழுதியிருந்தீங்கண்ணே,” என்று என்னிடம் சொன்னார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்தக் காரியத்தில் இறங்கினாலும், குழாய் ரிப்பேரானாலும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதானாலும், “அண்ணே, தடத்துல வாங்க” என்பார்கள். மனைவி சொல்வாள், பெண் சொல்வாள். இப்போது மூன்று வயதுப் பேரனும் என்னை அண்ணே என்கிறான்.

சலீம் துபாயில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். கல்லாவுக்குப் பின்னால் அவருக்கென்று உயரமான மர ஸ்டூல் ஒன்று செய்துவைத்திருந்தார்கள். அத்தனை வருஷ வியாபாரத்தையும் அவர் அதில் உட்கார்ந்தேதான் பார்த்தார்.