கயிறோடு பாடை ஏறினவன் உண்டா?

1983ஆம் ஆண்டு சங்கரன்கோவிலில் சாவு ஒழிந்துவிட்டது. அரசு அறிவிக்கவில்லை, கயிற்றுச்சாமி அறிவித்தார்.

திருவேங்கடம் ரோட்டில் பந்தல் போட்டு, கறுப்புக் கயிற்றுக்கு மந்திரம் ஓதி, வலது மணிக்கட்டில் கட்டிவிடுவார். கட்டியவனை எமன் தொடமாட்டான். குருவிகுளம், கரிவலம்வந்தநல்லூர் பஸ்களில் நிற்க இடமில்லை. சாகப் பிரியமில்லாதவர்களே நிறைந்திருந்தார்கள். பிரபுதாஸ் வாத்தியார்கூடக் கடிகாரப் பட்டைக்கு அடியில் கட்டியிருந்தார். திருச்சபைக்குத் தெரியக்கூடாது, எமனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

சாமி தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"என் கயிறோட பாடை ஏறினவன் இந்த ஊர்ல ஒருத்தன் உண்டாவே?"

கூட்டம் யோசிக்கும். ஊரில் சாவு விழாமல் இல்லை. ஆனால் எந்தப் பாடையிலும் கறுப்புக் கயிறு கட்டிய கை கிடந்ததில்லை. கண்ணால் பார்த்தவர்கள்தானே எல்லாரும்! செத்தவன் கயிறு கட்டாதவன் என்று முடிவாகிவிடும்.

"கிடையவே கிடையாது சாமி!"

என் தம்பி சௌந்தரபாண்டியன் மிளகாய் வியாபாரி. கடுமையான ரத்தக்கொதிப்புக்காரன். மாத்திரை தின்றால் கயிற்றின் பலம் இறங்கிவிடும் என்று சாமி சொல்ல, மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டான். ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தபோதே மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. "கெட்ட ரத்தம் போவுது அண்ணே" என்றான். மூளையும் கூடவே போய்க்கொண்டிருந்தது.

அவன் மகள் ஆவுடை மெட்ராஸில் எம்.எஸ்ஸி. சேர்ந்து, ஆக்சுவரி பரீட்சைக்குப் படித்துவந்தாள். எந்த வயதில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணித்து, ஆயுள் காப்பீட்டுக்குப் பிரீமியம் வகுப்பவர் ஆக்சுவரி. பெண் பார்க்க வந்தவர்களிடம் என் தம்பி, "சாவைக் கணக்குப் பாக்குத படிப்பு" என்று உளறினான். அவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். அன்றிலிருந்து "உயர்கணிதம்" என்றே நான் சொல்லிவந்தேன். குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

விடுமுறைக்கு வந்தவள் அப்பாவிடம் மன்றாடினாள்.

"ஏட்டி, கயிறு கட்டிச் செத்தவன் ஒருத்தனைக் காட்டு. இப்பவே மாத்திரை திங்குதேன்" என்றான் அவன்.

"சரிப்பா. பந்தல்ல வச்சே காட்டுதேன்."

நான் குறுக்கிட்டேன். "நம்ம வீட்டுப் பொம்பளைப் பிள்ளை ஊர்க்கூட்டத்துல வாயாடுததா?"

"வாயாடலை பெரியப்பா. கேள்விதான் கேக்கப்போறேன். நீங்களும் வாங்க."

தனியாக அனுப்புவது கௌரவமில்லை என்பதால் போனேன். தம்பியும் வந்தான்.

சாமி வழக்கமான கேள்வியைக் கேட்டு முடித்ததும் ஆவுடை எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நம்ம ஊர்ல செத்தவங்களைக் குளிப்பாட்டும்போது, மேல கிடக்க கயிறை எல்லாம் என்ன செய்வோம்?"

"இதென்ன கேள்வி தாயி?" என்றார் டீக்கடை தங்கப்பழம். ஐப்பசியில் தகப்பனைப் பறிகொடுத்தவர். "அரைஞாண்கயிறு முதக்கொண்டு அறுத்துப் போடுவோம். அதுல்லா முறை!"

"உங்க அப்பா கையில கயிறு கிடந்துச்சா அண்ணாச்சி?"

தங்கப்பழம் தன் மணிக்கட்டில் கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

"கறுப்புக் கயிறு... நாந்தான் அறுத்தேன்."

"வேற யார் வீட்டுல அறுத்தீங்க? கையைத் தூக்குங்க."

முதலில் ஒரு கிழவி. பிறகு இரண்டு பேர். பிறகு அங்கங்கே கைகள் எழுந்தன. எழுந்த கைகளில் எல்லாம் கறுப்புக் கயிறு!

சாமி துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! என் கயிறை அறுத்தீங்க, அதான் உசுரு போயிட்டு!"

"யோவ்!" தங்கப்பழம் பாய்ந்தார். "மூச்சு நின்ன பொறவுல்லா வே அறுத்தேன்! உசுரோட இருக்கவனையா குளிப்பாட்டிப் பாடையில ஏத்துவோம்?"

சாமிக்குத் திடீரென்று மௌனவிரத நேரம் வந்துவிட்டது. மறுநாள் ஆளே இல்லை. பந்தல் மூங்கிலைக் கட்டியிருந்த கயிறுகள் மட்டும் கிடந்தன. அவர் கட்டியவற்றில் எதையாவது தாங்கி நின்றவை அவை மட்டும்தான்.

என் தம்பி அன்றைக்கே பந்தலில் வைத்துப் பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்திருந்தான். "டாக்டர் சீட்டு எங்கன இருக்கு ஏட்டி?" என்றான்.

அடுத்த மாதம் வேறொரு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சாவைக் கணக்குப் பாக்கப் படிக்கா. பிடிச்சா காபியைக் குடியும். பிடிக்கலைன்னா டம்ளரை வச்சிட்டுக் கிளம்பும்."

குடித்தார்கள்.

பாடையில் கிடந்த கை வெறுங்கையாக இருந்ததை ஊரே பார்த்தது. அதை வெறுங்கையாக்கியது தன் கைதான் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இன்னும் ஏதாவது கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எப்படியும் ஒருநாள் உங்கள் பிள்ளை அதை அறுக்கத்தான் போகிறான். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அறுத்துவிட்டால், அதற்குப் பிறகு யோசிக்கக் கொஞ்சம் நேரமாவது மிஞ்சும்.