பூசானில் சம்பந்தம் விசாரித்தவர்

விசாரணை பாய் ஒரு ஹோட்டலை விசாரிக்கிற மாதிரி கடலூர் மாவட்டத்தில் எவரும் மாப்பிள்ளை வீட்டை விசாரித்தது கிடையாது. விசாரித்திருந்தால் இங்கே பாதிக் கல்யாணம் நடந்தே இருக்காது.

திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சின்னதாக ஒரு டிராவல்ஸ் வைத்திருக்கிறார். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் டிக்கெட்டுக்கு வருவார்கள். போர்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது, அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்குள் ஒரு சுழல் நாற்காலி, அதற்கு ஒரு சக்கரம் கிடையாது. பாய் உட்கார்ந்திருக்கும்வரை அது நிற்கும், எழுந்தால் விழும். அதனால் அவர் யாருக்காகவும் எழுந்திருப்பதில்லை. ஒருமுறை தாசில்தாரே வந்தபோதும் உட்கார்ந்தபடி ஒரு சலாம் வைத்துவிட்டு, "உக்காருங்க சார், எனக்கு நாற்காலி சரியில்ல" என்றார்.

நெட்டில் புக் செய்வதெல்லாம் அவருக்கு ஆகாது. ஒவ்வொரு ஹோட்டலுக்கும் போன் போட்டு ஸ்பீக்கரில் விடுவார். கோலாலம்பூரில் ஒரு மேனேஜரிடம், "சார், பாத்ரூம்ல மக்கு இருக்கா?" என்று கேட்டு, அந்த மனிதர் மக்கைப் போட்டோ எடுத்து அனுப்பும்வரை விடவில்லை. திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு லாட்ஜ் பிடிக்கும்போது, "ஃபேன் சத்தம் போடுமா?" என்று கேட்டார். அதெல்லாம் போடாது என்றான் லாட்ஜ்காரன். "போனை ஃபேன் கிட்ட புடி, நான் கேட்டுக்கறேன்" என்றார். கேட்டார். வேறு ரூம் மாற்றினார்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் நானும் போய் மாட்டினேன்.

எனக்கு அண்ணாகிராமம் பக்கம், முந்திரிக் குடும்பம். வேலை கடலூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில். பிரபு சிதம்பரம் மேல வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மூக்குக்கண்ணாடி. நாங்கள் இருவரும் பல வருஷங்களாகச் சேர்ந்திருக்கிறோம். ஊருக்கு நாங்கள் மச்சான்கள். எங்கள் வீட்டில் விஷயம் தெரியும். தெரியாத மாதிரி எல்லோரும் ரொம்ப நன்றாக நடிப்பார்கள். பொங்கலுக்கு என்னைக் கூப்பிடுவார்கள், அவனைக் கூப்பிட மாட்டார்கள். அவன் வீட்டிலும் அதே ஏற்பாடுதான். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து 'வாங்க' என்று சொன்ன வாசல் ஒன்றுகூடக் கிடையாது. சொல்லப்போனால் அதுதான் எங்கள் ஒரே குறை.

பிரபு கொரியன் சீரியல் பைத்தியம். கடைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணைச் சோதிக்கும்போதுகூட ஒரு காதில் அது ஓடிக்கொண்டிருக்கும். "ஒரு தடவையாவது பூசான் போயி கடலைப் பாத்துட்டு வந்துரணும்டா" என்றான். கடலூர்க்காரனிடம் கடல் பார்க்க கொரியாவுக்குப் போகலாம் என்கிறான். சரி என்றேன். போகிற இடத்திலாவது ரிசப்ஷனில் நின்று கதை கட்டாமல், ஒரே கட்டில் போட்ட ரூமை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எங்கள் இருவருக்கும் ரூம் இல்லை என்று சொல்லாத ஹோட்டலாக வேண்டும் என்று கேட்டேன். பாய்க்கு முதலில் புரியவே இல்லை.

"ரெண்டு ஆம்பளைக்கு எவன் தம்பி ரூம் இல்லன்னுவான்? சிதம்பரத்துல போயி நில்லு. ஒரு கட்டில்ல மூணு பேரைப் போடுவான். புருஷன் பொண்டாட்டி போனாதான் ஆயிரத்தெட்டு கேள்வி."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நம் ஊர் லாட்ஜ்களில் எங்களை மாதிரி ஆட்களுக்கு இருக்கிற சௌகரியம் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. ஆனால் அதற்குப் பெயர் வரவேற்பு இல்லை, கவனிக்காமல் விடுவது. இதை அவருக்கு எப்படிச் சொல்வது? கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. சொல்லிவிட்டேன்.

"பாய், அவன் என் ஃப்ரெண்ட் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாழறவங்க. புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு வச்சுக்கங்க."

பாய் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலைப் பார்த்தேன். ஓடினால் எத்தனை நேரத்தில் பஸ் ஸ்டாண்டு வரும் என்று யோசித்தேன்.

"பையன் என்னா பண்றாப்ல?" என்றார்.

"கண்ணாடிக் கடை. சிதம்பரத்துல."

"சொந்தக் கடையா?"

"ஆமாம்."

"சைவமா, அசைவமா?"

"அசைவம்."

"நல்லது" என்றார். "கொரியாவுல சைவம் கஷ்டம்."

விசாரணை முடிந்தது. பிறகு அவராகவே பேசினார்.

"எங்க ஊட்ல கண்ணு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன், ஒரு பெரிய ஊருக்கு. போன்ல ரூம் இருக்குன்னான். ஆபரேஷன் முடிஞ்சு நேர்ல போயி பேரைச் சொன்னேன். ரூம் இல்லன்னுட்டான். சாவியெல்லாம் பலகையில தொங்குது தம்பி. இவ கண்ணுல கட்டோட நிக்கறா, அவளுக்குத் தெரியல. 'என்னாங்க, ரூம் குடுத்துட்டாங்களா'ன்னு கேக்கறா. அன்னிலேர்ந்துதான் நான் விசாரிக்காம யாரையும் அனுப்பறதில்ல."

மக்குக்கும் ஃபேனுக்கும் பின்னால் இப்படி ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் உட்கார்ந்தபடியே எட்டி, கம்பியால் ஷட்டரைப் பாதி இறக்கினார். எல்லாருடைய கதையையும் ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்க விடுகிற மனிதர், எங்களுக்காக ஷட்டரை இறக்கினார். ஸ்பீக்கரை மட்டும் அணைக்கவில்லை, அது அவருக்கு வராது.

முதல் ஹோட்டலில் இரண்டு ஆண்கள் என்றால் இரண்டு கட்டில்தான் என்றார்கள். "வேணாம், அவன் கட்டிலைப் பிரிக்கறான்" என்று வைத்துவிட்டார். இரண்டாவது பெரிய ஹோட்டல். பாய் வாயைத் திறக்கும் முன்பே, எல்லா விருந்தினரையும் வரவேற்கிறோம் என்று ஒரு பெண் ஒப்பித்தாள். "கேள்வியே கேக்கல, அதுக்குள்ள ஓகேங்கறா. இது நம்பற எடம் இல்ல" என்றார். நான் கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை.

மூன்றாவது, கடலோரமாக ஓர் அம்மாள் நடத்துகிற சின்ன விடுதி. படத்தில் பார்க்க லட்சணமாக இருந்தது. பாய்க்குப் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் வினையே வந்தது. நம் பக்கம் சம்பந்தம் பேசும் முன், மாப்பிள்ளை வீட்டு எதிர்க் கடையில் ஒரு சோடா குடித்துக்கொண்டே, "அந்த வீட்டு ஆளுங்க எப்படி?" என்று விசாரிப்போமே, அதே முறையை பாய் பூசானுக்கும் கொண்டுபோனார். மேப்பில் அந்தத் தெருவைத் திறந்து, விடுதிக்கு எதிரே ஒரு சலவைக் கடையைக் கண்டுபிடித்து, அதன் நம்பருக்குப் போன் போட்டார். "சார், ஆப்போசிட் ஹோட்டல் லேடி, குட் லேடியா? கஸ்டமர்கிட்ட சண்டை போடுமா? ஜாஸ்தி ஆளுங்க வந்து போவாங்களா?"

சலவைக்காரர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். எதிரே போய்ச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, சற்று நேரத்தில் விடுதியிலிருந்தே போன் வந்தது. அந்த அம்மாள் கோபமாகப் பேச, அவர் போனில் இருந்த மொழிபெயர்ப்புக் குரல் அதை நியூஸ் வாசிக்கிற தமிழில் சொன்னது.

"தாங்கள் இந்தியக் காவல்துறையா? எனது விடுதி என்ன குற்றம் செய்தது?"

இருந்த ஒரே நல்ல இடமும் போனது. "ஐயோ பாய், வச்சுருங்க" என்றேன். அவர் கையால் என் வாயை அடைத்தார். பதற்றத்தில் அவருக்கு இங்கிலீஷ் மொத்தமும் மறந்துவிட்டது.

"போலீஸ் இல்ல மேடம்! நம்ம ஊட்டுப் புள்ளைங்க ரெண்டு பேரு வராங்க. ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்கதான். ஆனா ஜோடி. தங்கமான புள்ளைங்க. அவுங்களைப் பாத்து யாரும் மூஞ்சை சுளிச்சிறக் கூடாது. பெத்தவங்க விசாரிக்கல, அதனால நான் விசாரிக்கறேன். இது தப்பா மேடம்?"

அந்தக் குரல் இதையெல்லாம் கொரியனில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. என்ன சொன்னதோ, தெரியாது. நான் சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நம்ம ஊட்டுப் புள்ளைங்க' என்று என்னை யாரும் சொல்லி நாளாகிவிட்டது. பிரபுவைச் சேர்த்துச் சொன்னவர்கள் யாருமே இல்லை.

கடைசியில் அந்த அம்மாள் ஏதோ கேட்டார்.

"அவர்கள் இருவரும் காலையில் என்ன உண்பார்கள்?" என்றது குரல்.

பாய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "முடிச்சுரலாம் தம்பி. சாப்பாடு என்னான்னு கேக்கறாங்க பாரு, அதான் வீடு" என்றார். பிறகு போனில், "இட்லி, மேடம்!" என்றார்.

போனோம். வாசலிலேயே அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் போனை வாயருகே வைத்து ஏதோ சொல்லி எங்கள் பக்கம் நீட்டினார். "இருவரும் வருக" என்றது அது. பிரபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். ரூமில் ஒரே கட்டில், பெரிய கட்டில், ஜன்னல் நிறையக் கடல். மறுநாள் காலை அந்த அம்மாள் எங்கிருந்தோ பார்த்துக் கற்றுக்கொண்டு அரிசிமாவில் எதையோ வேகவைத்துத் தந்தார். அதை வைத்துச் சுவர் கட்டலாம். ஒன்றுவிடாமல் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பியதும் பிரபுவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவன் பாயைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. உள்ளே துபாய் போகிறவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாய் நிமிர்ந்து பார்த்தார்.

எழுந்தார்.

நாற்காலி பின்னால் சரிந்து தடாலென்று விழுந்தது. எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பாய் மட்டும் திரும்பவில்லை.

"வாங்க மாப்ள. ரெண்டு பேரும் உள்ள வாங்க. பெருநாளைக்கு ஊட்டுக்கு வரணும், ஜோடியாத்தான் வரணும், எங்க ஊட்ல சொல்லி வச்சுட்டேன்."

ஸ்பீக்கர் இல்லாமலேயே அது தெருமுனைவரை கேட்டிருக்கும். பிரபு என் காதருகே குனிந்து, "ஏன் மச்சான், இதுக்கு நாம பேசாம இங்கியே ரூம் போட்டுருக்கலாமே" என்றான்.

விழுந்த நாற்காலியை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தினோம். "உக்காருங்க பாய்" என்றேன். "நீங்க மொதல்ல உக்காருங்க" என்று அவர் நின்றுகொண்டே இருந்தார்.