கியர் டாக்டருக்கு மட்டும் தெரிந்த கோளாறு

மூன்றாவது முறையாக அதே சிக்னலில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நியூட்ரலுக்கு நழுவியது. பச்சை விழுந்ததும் கியர் டாக்டர் ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் தெருவே திரும்பிப் பார்க்கும்படி உறுமியது. கார் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"மாட்டினியா?" என்றார் கியர் டாக்டர், காரைப் பார்த்து. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

'கியர் டாக்டர்' என்பது பட்டறையில் அவருக்கு விழுந்த பெயர். இருபத்திரண்டு வருஷமாக கியர்பாக்ஸைத் தவிர காரில் வேறெதையும் மதிக்காதவர். காரின் சொந்தக்காரரும் டாக்டர்தான், பல் டாக்டர். மனுஷன் ஆயில் மாற்றத்தான் வண்டியை விட்டுப் போனார். புகார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆயில் மாற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோது கோளாறைக் கண்டுபிடித்தது முழுக்க கியர் டாக்டரின் திறமை.

"நாலு வருஷமா ஓட்டறேன், ஒரு நாள்கூட அப்படி நடந்ததில்லையே" என்றார் பல் டாக்டர் போனில்.

"நடந்திருக்கும் சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"நடுரோட்டுல நின்னா எனக்குத் தெரியாதா?"

"இது வந்து வந்து போற கோளாறு சார். வண்டி என்கிட்ட மட்டும்தான் மனசு விட்டுப் பேசும்."

"வலிக்காத பல்லை நான் பிடுங்கறதில்லப்பா" என்றார் பல் டாக்டர். வெள்ளிக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமையில்தான் கியர் டாக்டரின் உயிரே இருந்தது. ஃபோர்மேன் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் காலி. நாற்காலி கியர் டாக்டருக்கா, பெயின்ட்காரருக்கா என்று முதலாளி வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தார். பெயின்ட்காரர் வாயைத் திறக்காத ஆள். வேலை உண்டு, தான் உண்டு என்று இருப்பவர். கலர் அடிக்கிறவரெல்லாம் போட்டியா என்று கியர் டாக்டர் சிரித்துக்கொள்வார். அவர் மனைவி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, "எங்க வீட்டுக்காரர் ஃபோர்மேன் ஆயிட்டார்" என்று ஏற்கனவே சொல்லி முடித்திருந்தாள்.

முதலாளி வந்து என்ன சிக்கல் என்று கேட்டார். கியர் டாக்டருக்கு வகுப்பு எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் போதாதா?

"இதுல கிளட்ச் மிதியே கிடையாது முதலாளி. லீவருக்கும் கியருக்கும் நடுவுல கம்பியும் இல்ல, தண்டும் இல்ல. லீவர் அடியில ஒரு சின்ன காந்தம். அது எங்க நிக்குதுன்னு சென்சார் பார்த்துச் சொல்லும், கம்ப்யூட்டர் கியர் போடும். அந்த மூணுல ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது."

"எதுன்னு கண்டுபிடிச்சிடுவியா?"

"என்கிட்ட வந்து பொய் சொல்ல முடியுமா?"

முதலில் பேட்டரியை மாற்றினார். மின்சாரம் குறைந்தால் கம்ப்யூட்டருக்குப் புத்தி தடுமாறும் என்பது கணக்கு. பட்டறைக்குள் சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தால் எல்லாம் சரி. ரோட்டுக்குப் போனால் அதே சிக்னல், அதே பஸ்காரர்.

அடுத்து லீவரைக் கழற்றிப் புது சென்சார் போட்டார். குனிந்து குனிந்து வேலை செய்ததில், ஏற்கனவே ஒரு மாதமாகக் குடைந்துகொண்டிருந்த இடது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலிக்கென்று மனைவி வாங்கி மாட்டிவிட்ட செப்பு வளையம் ஒன்று கையில் இருந்தது. கடைக்காரர் அதைப் பற்றி என்னென்னவோ விளக்கம் சொன்னாராம். அவளும் வந்து ஒப்பித்தாள். இவர் காதில் வாங்கவில்லை. அடுத்தவர் விளக்கத்தைக் கேட்டுப் பழக்கம் இருந்தால்தானே?

வலி கூடியது தெரிந்ததும் அவள் அதைவிடப் பட்டையாக இன்னொன்று வாங்கி வந்தாள். "இது ரெண்டு மடங்கு பவராம். கழட்டக் கூடாது" என்றாள். பட்டறையில் அது நடக்காது. கையில் உலோகம் போட்டுக்கொண்டு வேலை செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். வேலை நேரத்தில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுச் சட்டையை ஆணியில் மாட்டிவிடுவார். வேலை முடிந்து, கை கழுவி, வளையத்தை மாட்டிக்கொண்டு வண்டியை எடுப்பார்.

எடுத்தார். இந்தத் தடவை சிக்னல் வரைகூடப் போகவில்லை. பட்டறை வாசலிலேயே நியூட்ரல்.

பார்த்துக்கொண்டிருந்த பெயின்ட்காரர் மெதுவாக வாயைத் திறந்தார். "அண்ணே, தானா கியர் மாத்தற வண்டில எதுக்கு எப்பவும் லீவர் மேலயே கையை வச்சிருக்கீங்க?"

"லீவர்ல கை வைக்காம ஓட்டறவன் ஓட்டுநரே இல்ல. நாடி பிடிக்காம வைத்தியம் பார்க்க முடியுமா? நீ போய் கலரைப் பாரு."

புதன்கிழமை கியர்பாக்ஸையே கீழே இறக்கினார். வியாழன் முழுக்க ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, திரும்ப ஏற்றினார். கருவி எல்லாம் சரி என்றது. கை மட்டும் செத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் மனைவி ஆசையோடு மூன்றாவது வளையத்தைக் கொண்டுவந்தாள். அகலமானது, கனமானது, கடையிலேயே பெரியது. பழையது இரண்டும் இருக்கட்டும் என்று மூன்றையும் சேர்த்து மாட்டிவிட்டு, "ஃபோர்மேனா திரும்பி வாங்க" என்றாள்.

பல் டாக்டர் வாசலில் நின்றார். முதலாளி பக்கத்து இருக்கையில் ஏறினார். கியர் டாக்டர் கம்பீரமாக லீவரின் மேல் கையை வைத்தார்.

காருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முன்னால் போக வேண்டியது பின்னால் நகர்ந்தது, நின்றது, கீச்கீச்சென்று கத்தியது, நியூட்ரலுக்குப் போனது, முதல் கியருக்குத் தாவி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. முதலாளியின் மூக்குக்கண்ணாடி எங்கோ போய் விழுந்தது.

அவர் அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பெயின்ட்காரரைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார். பெயின்ட்காரர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, லைசென்ஸ் தேர்வுக்கு வந்தவர் மாதிரி பயந்து பயந்து ஓட்டினார். கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. சிக்னலைத் தாண்டி, ஊரைச் சுற்றி, அலுங்காமல் வந்து நின்றது.

"நான்தான் சொன்னேனே" என்றார் பல் டாக்டர்.

முதலாளி கண்ணாடி அறையின் சாவியை எடுத்துப் பெயின்ட்காரர் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் கியர் டாக்டர் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். யார் யாருக்கு மறுபடி போன் போட வேண்டியிருக்கும் என்ற கவலை அவளுக்கு. இவர் கவலை வேறு. இருபத்திரண்டு வருஷத்தில் தன்னை ஏமாற்றிய ஒரே கியர்பாக்ஸ். கை கழுவ வளையங்களைக் கழற்றிச் சமையலறை மேஜையில் எறிந்தார். எட்டு வயது மகள் அவற்றை எடுத்துக்கொண்டு விளையாடப் போனாள்.

"பேட்டரியைப் பார்த்தேன், சென்சாரைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன். வேற என்னதான் மிச்சம் இருக்கு?" என்று மனைவியிடம் கிட்டத்தட்ட அழுதார்.

உள்ளேயிருந்து மகள் கத்தினாள். "அப்பா, உங்க வளையம் மூணும் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிக்கிச்சு, இழுத்தாலும் வரமாட்டேங்குது."