யாரும் துரத்தாமல் ஓடியவர்

மட்டக்களப்பில் யாரும் துரத்தாமல் ஓடிய முதல் மனிதர் எங்கள் ஓட்டமாவடியார்தான். இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஓடுவதற்கு மூன்றே காரணங்கள். ஷெல் வரும், ஆமி வரும், கடைசியாகக் கடலும் வந்தது. சும்மா ஓடுகிறவனைக் கண்டால் நாய்க்கே சந்தேகம் வந்துவிடும்.

ஓட்டமாவடி என்பது வடக்கே இருக்கிற ஊர். அவருக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கல்லடியில் கடற்கரைப் பக்கமாகத் தையல் கடை வைத்திருந்தவர். ஓடத் தொடங்கியதும் அந்தப் பட்டத்தை வைத்தவன் நான். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சிரித்தது, எனக்கும் பெருமையில் பெரிய புளுகம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இன்னும் வெட்கம் வரும், பொறுங்கள்.

நான் அப்போது கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண்சாதி வீட்டோடு வந்து குடியேறியவன். பக்கத்து வளவு அவருடையது. முப்பது வருடம் மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்து வளர்ந்த உடம்பு அவருக்கு. கடைவாசலில் இருந்து கிணற்றடிக்குப் போனாலே இடையில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்.

சுனாமி வந்து ஆறேழு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் கையில் ஒரு இங்கிலீசுத் தாளோடு வந்தார்.

"தம்பி, இதில என்ன எழுதியிரிக்கி எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களன்."

நிவாரண வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தினமும் காலையில் கடற்கரையில் ஓடும். அதன் பை கிழிந்தபோது இவர் தைத்துக் கொடுத்தாராம். கூலிக்குப் பதிலாக இவர் கேட்டு வாங்கியது இந்தத் தாள். ஓடிப் பழக்கமில்லாதவர்கள் படிப்படியாக ஓடப் பழகும் முறை. முதல் கிழமை ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பிறகு கிழமைக்குக் கிழமை ஓட்டம் கூடும், நடை குறையும்.

"நீங்களா அண்ணன் ஓடப் போறீங்க?"

"ஓம்."

"எங்க?"

"பாலத்தடிக்கு."

"அங்க என்ன அலுவல்?"

"ஒண்டுமில்ல. ஓடிப் போகணும், அவ்வளவுதான். நிமிசத்த எப்பிடித் தம்பி தெரியிற? மணிக்கூடு கடலோட போயித்து."

எனக்கு அப்போது வாயில் சனி. "சத்தமா அறுபது எண்ணணும் எண்டு போட்டிரிக்கி அண்ணன். எவ்வளவு சத்தமோ அவ்வளவுக்கு நெஞ்சுக்கு நல்லதாம்" என்றேன். தாளில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு ஒழுங்கையே திடுக்கிட்டு எழும்பியது. "ஒண்டு! ரெண்டு! மூண்டு!" நிவாரணக் கூடாரத் துணியில் தானே தைத்த காற்சட்டை. பின்பக்கத்தில் ஏதோ வெளிநாட்டு நிறுவனத்தின் பாதி எழுத்துகள். காலில் நிவாரணச் சப்பாத்து, இரண்டும் இடதுகால். முதல் நாள் இருபத்தேழில் நின்று, மதகில் உட்கார்ந்துவிட்டார். நான் யன்னலுக்குள் நின்று வயிறு நோகச் சிரித்தேன்.

கடற்கரையிலிருந்து பாலம் வரை ஆமியின் காவலரண்கள், மூன்று சென்றி. சென்றியடியில் யாரும் ஓட ஏலாது. சைக்கிளில் போனாலும் இறங்கி, தொப்பியைக் கழற்றி, நடந்துதான் கடக்க வேண்டும். தாள் சொன்ன நடையை அவர் அங்கே வைத்துக்கொண்டார். சென்றிக்குச் சென்றி ஓட்டம், சென்றியடியில் நடை. அவருக்குப் பயிற்சி கொடுத்தது பாதி அந்த வெள்ளைக்காரப் பிள்ளை, பாதி ஆமி.

தாள் முடிந்த பிறகு முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார். முதலில் ஐந்து கிலோ. விடியற்காலையில் மூட்டையோடு ஓடிவருகிற மனிதனைச் சென்றியில் விடுவார்களா?

"என்ன இது?"

"அரிசி சேர்."

"எங்க கொண்டு போறது?"

"பாலத்துக்கு."

"பாலத்தில யாருக்கு?"

"ஒருத்தருக்குமில்ல சேர். திரும்பக் கொண்டு வந்திருவன்."

அன்றைக்கு அரிசி முழுவதையும் வீதியில் கொட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. பொறுக்கியெடுத்துக்கொண்டு வந்து, அடுத்த நாளும் போனார். ஒரு மாதத்தில் சென்றிக்காரருக்கே அலுத்துப்போனது. 'ஓட்டமாவடியார் பாலத்துக்கு அரிசி காட்டப் போறார்' என்று நான் சொன்னது சந்தைவரை பரவியது. அரிசி பத்தாகி, இருபதாகி, முப்பதாகியது.

யுத்தமும் முடிந்தது. சென்றிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் அந்த மூன்று இடத்திலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தார்.

"இப்ப ஆர் அண்ணன் அங்க நிக்கிறான்?"

"தெரியும் தம்பி. கால் கேக்குதில்ல."

இதற்கு மட்டும் நான் சிரிக்கவில்லை. நானும் அந்த இடங்களில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் வேலிக்கு அப்பாலிருந்து அவருடைய மனைவி பூமணியக்கா என்னைக் கூப்பிட்டா. ஷெல் விழுந்ததில் அக்காவுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"என்ன மனே, அரிசியாம், பாலமாம், ஊரெல்லாம் பகிடி பண்றயாமே? அண்டைக்குக் கடல் வந்த நேரம் என்னை ஆரோ ஒரு பொடியன் தூக்கிட்டு ஓடினான். இவரு என்ட ஊண்டுகோலத் தூக்கிட்டுப் பின்னால வந்தாரு. வேலி தாண்ட முதல் இளைச்சிப்போய் நிண்டுத்தாரு. தென்னையக் கட்டிப் பிடிச்சித்தான் தப்பின. அதிலிருந்து என்ட முகத்தப் பாத்துக் கதைக்கிறல்ல. அது அரிசி இல்ல மனே, நான்தான். என்ட நிறைக்கு வரணுமாம். நாப்பத்தெட்டுக் கிலோ. பாவம் மனிசன் எண்டு நானும் ராவைக்குக் கொஞ்சம் குறைச்சுத்தான் தின்னுறன்."

எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து பகிடியை நான் விட்டுவிட்டேன். ஊர் விடவில்லை. கொளுத்திப் போட்டவனே வந்து அணைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

சில வருடம் கழித்து ஒரு பின்னேரம் நிலம் இலேசாக ஆடியது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கத்தத் தொடங்கியது. கடல் வரலாம், எல்லோரும் வெளிக்கிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போங்கள். நான் காய்ச்சல் என்று பொய்சொல்லிக் கந்தோருக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தேன். மனைவி டவுனில் பள்ளிக்கூடத்தில். அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பதால் எனக்கு என் உயிர் ஒன்றுதான் பாரம். மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

வீதி முழுக்கச் சனம். எனக்கு முன்னால் ஓட்டமாவடியார் ஓடிக்கொண்டிருந்தார். முதுகில் பூமணியக்கா. இரட்டைத் தையல் போட்ட பட்டிகளால் ஒரு தொட்டில்போலத் தைத்து, அதில் இருத்திக் கட்டியிருந்தார். "நாப்பத்தொண்டு! நாப்பத்திரெண்டு!" என்று எண்ணிக்கொண்டே ஓடினார். என் பின்சீட்டில் ஒருவரும் இல்லை. அக்கா திரும்பி என்னைப் பார்த்தா, பிறகு அந்தச் சீட்டைப் பார்த்தா. நிறுத்தி, பட்டியை அவிழ்த்து ஏற்ற எவ்வளவு நேரம் போயிருக்கும்? நான் ஹோர்ன் அடித்தேன். அந்த மனிதர் மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். நான் போய்விட்டேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தேன். கடைசியில் வந்தார். நிற்காமல், நடக்காமல் ஓடியே வந்தார். அக்காவை இறக்கி ஒரு மதிலோடு இருத்திவிட்டு வாந்தியெடுத்தார். அக்கா தன் சேலைத் தலைப்பால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டா. அவர் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடல் வரவில்லை. நான் ஒரு லொறிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அவர் கண்டுவிட்டார், நேரே வந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீங்க நிக்காமப் போனீங்களே, உங்களுக்குப் பெரிய புண்ணியம்."

"அண்ணன்..."

"நிண்டிருந்தா இவள ஏத்தி விட்டிருப்பன். பயம் அப்பிடி. பிறகு என்னால ஏலுமா, ஏலாதா எண்டு சாகும்வரைக்கும் தெரிஞ்சிரிக்காது. என்ட ஓட்டத்தில நம்பிக்கை வெச்சுத்தான் நீங்க போனீங்க. எனக்கு விளங்கிச்சி."

"ஓம் அண்ணன்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் காய்ச்சலெல்லாம் ஒரு பொய்யா? மதிலோடு இருந்த பூமணியக்கா என்னையே பார்த்தா. அவவுக்குத் தெரியும். இன்றுவரை அதை அவ அவருக்குச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணன், இந்தச் சஞ்சிகை உங்கள் கடைக்கும் வரும். நான் நம்பிப் போகவில்லை, பயந்துதான் போனேன். நேரில் வந்து சொன்னால், "அதுக்கென்ன தம்பி, இரிங்க, தேத்தண்ணி குடிச்சித்துப் போவம்" என்பீர்கள். அதைத் தாங்க எனக்கு ஏலாது என்பதால்தான் எழுதுகிறேன்.