உயிரோடு இருக்கிறீர்களா, மாமா?

எனக்கென்று கதவுள்ள ஓர் அறை கிடைத்தது முப்பது வயதுக்கு மேல்தான். அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். உயிரே போனாலும். மனைவியே சொன்னாலும்.

காரணம் உண்டு. நான் பிறந்த வீட்டில் ஓர் அறை, ஏழு பேர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதற்கான படிப்பு முழுவதையும் அடுப்புக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்து படித்தேன். இன்று வெளிநாட்டில் வேலை. ஒன்பதாவது மாடியில் வாடகை வீடு. அதில் சின்ன அறை என்னுடையது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கதவு. சில நாள் வேலை எதுவும் இல்லாவிட்டாலும் உள்ளே போய்க் கதவை மூடுவேன். திறப்பேன். மறுபடி மூடுவேன். அந்தச் சத்தம் ஒன்றே போதும் எனக்கு.

அந்தக் கதவைத் தட்டாமல் திறந்து, மனைவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"என்னங்க, அப்பா ரிட்டையர் ஆயிட்டார் இல்ல? இனிமே இங்கதான் வந்து இருக்கப் போறாராம்."

"இங்கன்னா எங்க?"

"இந்த ரூம்லதான். வேற எங்க, பால்கனியிலயா?"

என் மாமனார் ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர். மாமியார் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் மனசாட்சி உறுத்தாமல் மறுத்திருக்கலாம்.

"ஒண்ணு சொல்லிட்டேன்," என்றாள் மனைவி. "உங்க ஆபீஸ் புத்தியை எங்கப்பாகிட்ட காட்டாதீங்க. அதைக் கேட்டு இதைக் கேட்டு அவரைப் பயமுறுத்திடாதீங்க."

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான்.

கம்ப்யூட்டர் புரோகிராம்களில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. எங்கள் ஆபீஸில் யாருடைய திட்டத்தையும் யாரும் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள். மரியாதை இல்லையாம். அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்பார்கள். நாலைந்து கேள்வியில் திட்டம் தானாகவே படுத்துவிடும். எனக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் கேள்வி கேட்பது பொய்யில் சேராதே!

மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்துப் போன் போட்டேன்.

"மாமா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். வயசான காலத்துல நீங்க இங்க வந்து இருந்தா, டாக்டர்கிட்ட எந்த பாஷையில பேசுவீங்க?"

மறுமுனையில் மௌனம். "தெரியலையே மாப்பிள்ளை."

"வலிக்குதுன்னு மட்டும் சொன்னாப் பத்தாது மாமா. குத்துதா, குடையுதா, இழுக்குதான்னு கேப்பாங்க."

"அட, ஆமா..."

மறுநாள் வீட்டு விவகாரத்தை எடுத்தேன். "அங்க இருக்கற வீட்டை என்ன பண்ணுவீங்க மாமா? பூட்டி வெச்சா எலி வரும். வாடகைக்கு விட்டா ஆள் வரும். எலியாவது விரட்டினாப் போகும்."

அதற்குப் பிறகு விசா. குளிர். வழுக்கும் நடைபாதை. மருத்துவ இன்ஷூரன்ஸ். "நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடுவோமே, பகல் பூரா யார்கூடப் பேசுவீங்க?" ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய மௌனம் நீண்டுகொண்டே போனது. ஆபீஸில் அப்படி மௌனம் வந்தால் ஆள் சாய்கிறார் என்று அர்த்தம்.

கடைசியில் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன்.

"மாமா, பென்ஷன் வரணும்னா வருஷா வருஷம் நீங்க உயிரோட இருக்கறதை நிரூபிக்கணுமே? இங்க இருந்துகிட்டு அதை எப்படிச் செய்வீங்க? நீங்க உயிரோட இருக்கீங்கன்னு யார் சொல்லுவாங்க?"

இந்த மௌனம்தான் எல்லாவற்றிலும் நீளம். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்புறம் பேசறேன் மாப்பிள்ளை," என்று வைத்துவிட்டார்.

ஜெயித்துவிட்டேன். என் அறைக்குள் போய்க் கதவை மூடினேன். திறந்தேன். மூடினேன்.

அடுத்த வாரம் மாமனார் விசாவுக்கு மனு போட்டார். அது கிடைத்ததும் இரண்டு பெட்டிகளோடு எங்கள் ஹாலில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை!" என்று கட்டிக்கொண்டார். "இவ ஒரு வருஷமா வாப்பா, வாப்பான்னு உயிரை எடுத்தா. முடியவே முடியாதுன்னுட்டேன். மாப்பிள்ளை வீட்டுல போய் பாரமா உக்கார்றதான்னு கூச்சம்."

"ஒரு வருஷமாவா?" நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்தாள்.

"அப்புறம் பார்த்தா நீங்க தினமும் போன் பண்றீங்க! குத்துதா, குடையுதான்னு நான் பெத்த பையன்கூடக் கேட்டதில்ல. நான் உயிரோட இருக்கேனான்னு கவலைப்பட்ட ஒரே ஆள் நீங்கதான். அன்னிக்கு அழுதுட்டேன் மாப்பிள்ளை."

எனக்கும் அழுகை வந்தது. காரணம்தான் வேறு.

சமையலறையில் மனைவியை மடக்கினேன்.

"அவர் வரேன்னே சொல்லலையா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் எங்கிட்ட அப்படிச் சொன்னே?"

"சொன்னாத்தானே நீங்க கேள்வி கேப்பீங்க?"

"கேக்காதீங்கன்னு நீதானே சொன்னே!"

"கேளுங்கன்னா கேட்டிருப்பீங்களா?"

என் மேஜை இப்போது அடுப்புக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் இருக்கிறது. மாமனார் நாகரிகம் தெரிந்தவர். நான் வேலை செய்யும்போது தொந்தரவாக இருக்கக் கூடாது என்று அவரே அந்த அறைக் கதவை மெதுவாக மூடிக்கொள்வார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

போன வாரம் மனைவி மறுபடி வந்தாள்.

"என்னங்க, சித்தியும் ரிட்டையர் ஆகறாங்க. இங்கதான் வந்து இருக்கப் போறாங்களாம்."

ஒரே குழியில் இரண்டு தரம் விழ நான் என்ன மடையனா? விசாவைப் பற்றி மூச்சு விடவில்லை. பென்ஷன், டாக்டர், குளிர், எதையும் கேட்கவில்லை. போன் இருந்த பக்கம்கூடத் திரும்பவில்லை.

"சரி," என்றேன். அவ்வளவுதான்.

மனைவி அங்கேயே நின்றபடி போனை எடுத்தாள்.

"சித்தி! நீங்க என்னமோ பயந்தீங்களே? அவர் ஒரு கேள்விகூடக் கேக்கல. உடனே சரின்னுட்டார்!"