கனடாவிலிருந்து வந்த கிராபிக்ஸ் கார்ட்

ஒரு பொருளை வாங்க வசதியில்லாதவன்தான் அதைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்துவைத்திருப்பான். வசதியுள்ளவன் கடைக்குப் போவான், வாங்குவான், வீட்டுக்கு வருவான், அவ்வளவுதான். இல்லாதவன்தான் எது திறம் என்று ஊரோடு சண்டை பிடிப்பான். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி ஃபிளாட் ஒன்றில் இருந்துகொண்டு அப்படிச் சண்டை பிடித்த மடையன் நான்.

என் விஷயம் கிராபிக்ஸ் கார்ட். கணினிக்குள் செருகுகிற ஒரு பலகை. திரையில் படம் ஓடுவது அதன் தயவில். இரண்டு கம்பனிகள் அதைச் செய்தன. ஒன்றின் பெட்டி பச்சை, மற்றதன் பெட்டி சிவப்பு. இரண்டின் விபரங்களையும் டயல்-அப் இணையத்தில் இறக்கி (யாராவது டெலிபோனைத் தூக்கினால் எல்லாம் போச்சு, எங்கள் அம்மா எப்போதும் தூக்குவார்), கிழித்த கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவேன். கார்டின் கடிகார வேகத்தை அதற்குள் புள்ளி போடுகிற பைப்லைன்களின் எண்ணிக்கையால் பெருக்கினால், ஒரு செக்கனில் எத்தனை புள்ளிகளை வரையும் என்று வரும். பெருக்கலில் பச்சை வெல்லும். நினைவக வேகத்தைப் பார்த்தால் சிவப்பு வெல்லும். காலையில் நான் பச்சைக் கட்சி, மத்தியானம் சிவப்புக் கட்சி. இதெல்லாம் காகிதத்தில் வருகிற வேகம், உண்மையில் ஓடும்போது வேறு என்று அந்த இணையப் பக்கங்களின் அடியிலேயே எழுதியிருந்தது. அடியில் எழுதியிருப்பதை யார் வாசிக்கிறார்கள்?

"எடேய், நீ படம் காட்டப் போறியோ, கணக்குக் காட்டப் போறியோ?" என்பாள் சுகந்தி அக்கா.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பாவின் சிநேகிதர் பாலேந்திரன் அங்கிள் ஃபிளாட் கட்டி விற்பவர். இன்னும் கட்டாத ஃபிளாட்டைக் கணினியில் கட்டி, அதற்குள் நாமே நடந்து போவதுபோலத் திரையில் காட்டவேண்டும் என்று கேட்டிருந்தார். லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்களைக் கூப்பிட்டு வெள்ளவத்தையில் ஒரு ஹோலில் கூட்டம். படம் ஒழுங்காக ஓடினால் கொள்ளுப்பிட்டியில் அவருடைய கந்தோரில் எனக்கு வேலை. ஓடாவிட்டால் கொட்டாஞ்சேனையில் சித்தப்பாவின் ஹார்ட்வெயார் கடை. அப்பா அதில் மிகத் தெளிவாக இருந்தார்.

சுவர்களை நான் எழுப்பினேன். கதிரை, மேசை, திரைச்சீலை எல்லாவற்றையும் அக்கா போட்டாள். வீட்டிலிருந்த பழைய கார்டில் படம் ஓடியது, ஆனால் கதவைத் திறந்தால் அறை வர நேரமெடுக்கும். எனக்கு அது பெரிய மானப் பிரச்சினை. ஆகவே கனடாவிலிருந்து வரவிருந்த சின்னம்மாவைப் பிடித்தேன். வெள்ளவத்தையில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அப்படித்தான். வாற ஆட்களிடம் சொல்லிவிட வேண்டும், அவர்களின் சூட்கேஸில் வரும். பச்சையா சிவப்பா என்று கடைசி வரைக்கும் மண்டையை உடைத்து, பச்சை என்று சொன்னேன்.

கூட்டம் நடக்கும் அன்று காலையில்தான் சின்னம்மா வந்து இறங்கினார். வழியெல்லாம் செக்கிங், களைத்துப்போய் வந்தவர் சூட்கேஸைத் திறந்து, ஒரு கூறைச் சேலையின் மடிப்புக்குள்ளிருந்து கார்டை எடுத்து நீட்டினார். வெறும் கார்ட்.

"பெட்டி எங்க சின்னம்மா?"

"பெட்டி இடத்தைப் பிடிக்குது மோனை. எறிஞ்சுபோட்டன்."

"அதுக்குள்ள ஒரு வயர் இருந்திருக்குமே?"

"ஓம், இருந்தது. உங்கட நாட்டு நிலைமையில எவராவது சூட்கேஸுக்குள்ள வயர் கொண்டு வருவினமே? எயார்போட்டில பிடிச்சு உள்ளுக்குப் போட்டாங்கள் எண்டால்? அதைத்தான் முதல்ல எறிஞ்சனான்!"

அம்மா தங்கையைப் பெருமையோடு பார்த்தார். "அவளுக்கு எப்பவும் மூளை," என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த வயர்தான் கார்டுக்கு மேலதிக மின்சாரம் கொடுப்பது. கொழும்புக் கடைகளுக்கு டெலிபோன் அடித்தேன், ஒருவரிடமும் இல்லை. அக்கா நிதானமாகச் சொன்னாள், "பழசையே போடு. மெள்ள ஓடினாலும் ஓடும்தானே?"

போட்டேனா? கலண்டர் தாளை எடுத்தேன். வயர் இல்லாவிட்டாலும் செருகுகிற இடத்திலிருந்தே கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் கிடைக்கும். பாதி மின்சாரம் என்றால் பாதி வேகம். புதிய கார்டின் பாதி வேகம்கூடப் பழைய கார்டைவிடப் பல மடங்கு! கணக்கு அச்சொட்டாக வந்தது. போட்டுப் பார்ப்போம் என்றால் ஒழுங்கை முழுவதும் கரண்ட் இல்லை. கணக்கு இருக்கும்போது பரீட்சை எதற்கு என்று, கார்டைச் செருகி, கணினியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன். அக்காவும் ஏறிக்கொண்டாள்.

ஹோல் நிறைந்திருந்தது. கனடா, லண்டன், ஜெர்மனி எல்லாம் முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தன. பாலேந்திரன் அங்கிள் மைக்கில், "இப்ப எங்கட தம்பி உங்களை உங்கட புது வீட்டுக்குள்ளயே கூட்டிக்கொண்டு போவார்," என்றார். நான் சுவிட்சைப் போட்டேன்.

போதிய மின்சாரம் வராவிட்டால் எச்சரிக்கை செய்ய அந்தக் கார்டில் ஒரு குட்டிச் சைரன் வைத்திருக்கிறார்கள் என்பது எந்த அட்டவணையிலும் என் கண்ணில் படவில்லை. குட்டி என்றேனே, ஐயோ, அதன் சத்தம்! வீல் என்று ஒரே பிடியில், மூச்சு விடாமல் கத்தியது.

அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு பெட்டி அப்படிக் கத்தினால் எதற்கென்று எவரும் நின்று விசாரிப்பதில்லை. "குண்டு!" என்று யாரோ கத்த, லண்டன் ஜன்னலால் பாய்ந்தது. ஜெர்மனி கதிரையோடு ஓடியது. மைக்கைப் பிடித்தபடியே பாலேந்திரன் அங்கிள், "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். எதிர்த்திசையில், சந்தியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர்கள் துவக்கோடு உள்ளே வந்தார்கள்.

நான் கையை உயர்த்தினேன். கார்ட் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"மே மொகக்த?" (இது என்ன?) என்று அதிகாரி அதட்டினார்.

எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ் ஏறவும் கடையில் பாண் வாங்கவும் போதுமானது. பைப்லைனுக்கும் மின்சாரப் பற்றாக்குறைக்கும் அதில் சொல் இல்லை. "கொம்பியூட்டர், சேர்," என்றேன்.

"ஏயி கேகஹன்னே?" (ஏன் கத்துகிறது?)

வாயில் வந்த ஒரே சொல்லைச் சொன்னேன். "படகினி, சேர்." (பசி.)

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அந்த நிமிடத்தில்தான் எனக்கு உயிர் திரும்பி வந்தது. அக்கா குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். தன் ஹாண்ட்பேக்கைத் திறந்து, முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றியிருந்த பழைய கார்டை எடுத்தாள். (நான் கழற்றி மேசையில் போட்டதை, என்னைப் பற்றி நன்றாகத் தெரிந்தபடியால், எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.) மாதக்கணக்காக நான் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்தவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கதவுக்கும் அறை வரும் வரைக்கும் அக்கா, "கொஞ்சம் பொறுங்கோ, ஆள் உள்ளுக்கு உடுப்பு மாத்துது," என்று சொல்ல, ஹோல் சிரித்தது. திரைச்சீலை வடிவாக இருக்கிறது என்று ஜெர்மனிக்காரர் ஒரு ஃபிளாட் கேட்டார்.

கொள்ளுப்பிட்டி வேலை அக்காவுக்குக் கிடைத்தது. நான் அடுத்த வாரமே கொட்டாஞ்சேனையில் பி.வி.சி. குழாய் விற்றேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தை வீறிட்டாலும், "கார்ட் கத்துது, பவரைக் குடுங்கோ," என்பார்கள். என் மகள் பிறந்து முதன்முதலாக அழுதபோது, ஆஸ்பத்திரியிலேயே அக்கா அதைச் சொல்லிவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சின்னம்மாவைத்தான் பொறுக்க முடியாது. ஒவ்வொரு முறை கனடாவிலிருந்து வரும்போதும், எல்லோரும் சாப்பிட இருந்த பிறகு, என் கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்வார்:

"நான் அண்டைக்கு வயரை எறியாட்டி, கொக்கா சுகந்திக்கு வேலை கிடைச்சிருக்குமே?"

எல்லோரும் தலையாட்டுவார்கள். அக்காதான் முதலில்.